தொங்கவிட்ட ஒயர்

காரைக்காலில் ஒரு ஆபீஸில் நெட் நின்றுபோனால் முதலில் பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்ப்பார்கள். பிறகு ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொள்வார்கள். அதற்கும் வரவில்லை என்றால் என் வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்கள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சாப்பாடு அதோடு சரி. கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆறிப்போன குழம்பைச் சூடு பண்ணுவது ஒன்றுதான் இந்தத் தொழிலில் என் பங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவர் பெயர் நீலகண்டன். சுரக்குடியில் நெல் போடுகிற வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை. டிப்ளமா முடித்துவிட்டு சென்னையில் கட்டடம் கட்டடமாக ஒயர் இழுத்தவர், அப்பாவுக்கு முடியவில்லை என்று ஊருக்குத் திரும்பினார். வந்த புதிதில் பிரவுசிங் சென்டர்கள். அவை மூடின பிறகு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மீன் ஏற்றுமதி கம்பெனி என்று ஊரில் பாதி இடத்துக்கு அவர் இழுத்த ஒயர்தான். எங்கேயும் நிரந்தர வேலை கிடையாது. ஆனால் எல்லா இடத்திலும் அவரைத் தங்கள் ஆள் என்றே நினைத்தார்கள். நிரந்தர வேலைக்காரனுக்காவது லீவு உண்டு.

நான் பெரியநாயகி. ஊர்க் கிளை அஞ்சலகத்தில் வேலை. கல்யாணமான புதிதில், நீங்கள் செய்வதுதான் என்ன என்று அவரிடம் கேட்டேன். சுவிட்ச், ரௌட்டர் என்று ஆரம்பித்தார். சுவிட்ச் என்றால் லைட் சுவிட்ச் என்று நினைத்து, அதற்கு எலக்ட்ரீஷியன் போதாதா என்றேன். அவர் சிரிக்கவில்லை. நொந்துபோனார். அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இந்த மனிதர் வேலையைப் பற்றிப் பேசும்போது விளையாடக் கூடாதென்று.

பிறகு நானாகவே என் வேலையை வைத்துப் புரிந்துகொண்டேன். சுவிட்ச் என்பது தெருத் தபால்காரர். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்கு அத்துப்படி. ஒரே தெருவுக்குள் கொடுக்கல் வாங்கல் என்றால் அவரே முடித்துவிடுவார். வெளியூர்க் கடிதம் என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. எந்தப் பை எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிற ஆள் வேண்டும். அவர்தான் ரௌட்டர். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு விலாசம். இரண்டு பேருக்கு ஒரே விலாசம் கொடுத்துவிட்டால் நம் ஊரில் நடக்கிற அதே குழப்பம் அங்கேயும் நடக்கும். இதைச் சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

புது இடம் என்றால் முதலில் ஒயரைத் தொடமாட்டார். வரைவார். பில் போடுகிற மெஷின்கள் தனி, லேப் தனி, வந்துபோகிறவர்களின் வைஃபை தனி என்று வீட்டுத் தரையில் பேப்பரைப் பரப்பிப் பிரித்துக்கொண்டிருப்பார். நான் தாண்டித்தான் அடுப்படிக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் மாட்டினால் அது செத்த அன்றைக்கு மொத்தக் கட்டடமும் சாகும் என்பார். எந்த முக்கியமான இடத்துக்கும் இரண்டாவது வழி ஒன்று இருக்க வேண்டும், எதுவும் ஒன்றையே நம்பி இருக்கக் கூடாது. சீர்காழிப் பக்கம் ரோட்டுக்குப் பள்ளம் தோண்டி எவனாவது ஒயரை அறுத்தால் காரைக்கால் முழுக்க இருட்டாகிவிடுகிறதே, நாமென்ன காவிரித் தண்ணிக்கும் கடைமடை, நெட்டுக்கும் கடைமடையா என்று கோபப்படுவார். ஊருக்கெல்லாம் இப்படி இரண்டாவது வழி பார்த்துக் கொடுத்தவர், தன் வேலையை மட்டும் இன்னொரு ஆளுக்குச் சொல்லித் தரவில்லை. யார் கை வைத்தாலும் கெடுத்துவிடுவார்கள் என்று அவருக்கு நினைப்பு.

அதனால் எல்லாமே அவர்தான். அம்பகரத்தூர்க் காளி கோயிலில் எங்கள் மகள் சுகிர்தாவுக்குக் காது குத்தினோம். பிள்ளை என் தம்பி மடியில் உட்கார்ந்து அலறிக்கொண்டிருக்கிறாள், அப்பாக்காரரைக் காணவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒயரைத் தேடிக்கொண்டிருந்தார். பந்தி முடிந்து பாத்திரம் கழுவும்போது சட்டையெல்லாம் ஒட்டடையோடு வந்து நின்றார். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போய்விட்டது. அவருக்கும் அலுப்புதான். ராத்திரி படுத்தவுடன் தூங்கிவிடுவார், ஆனால் போன் முதல் மணி அடிப்பதற்குள் எழுந்து உட்கார்ந்திருப்பார். அதைத் தூக்கம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

சர்க்கரை எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. கண்ணில் இறங்கியதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். ஒயர் முனையில் கனெக்டர் மாட்டுவதற்கு முன்னால் உள்ளே இருக்கிற எட்டு இழைகளையும் நிற வரிசையில் அடுக்க வேண்டும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். சுலோகம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே அடுக்குவார். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாய் நீலம் என்கிறது, விரல் பச்சையை எடுத்து வைக்கிறது. விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர்தான் விளையாடமாட்டாரே. என்னங்க அது பச்சை என்றதும் ஒயரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் போதவில்லை என்றார். நல்ல வெயில் நேரம்.

பாண்டிச்சேரியில் கண் ஆஸ்பத்திரி. அங்கிருந்த டாக்டரம்மா பார்த்துவிட்டு, கண்ணுக்குப் பின்னால் ரத்தக் குழாய் கசிகிறது, இடது கண்ணில் ஏற்கெனவே நிறையப் போய்விட்டது, அது திரும்பாது, வலது கண்ணுக்கு ஊசி போட்டால் இருக்கிற பார்வையைப் பிடித்து நிறுத்தலாம் என்றார். தேதி கொடுத்தார். அந்தத் தேதியில் மீன் கம்பெனியில் எதுவோ எரிந்துபோனது. அடுத்த தேதி வாங்கினோம். பள்ளிக்கூடத்தில் ஆன்லைன் பரீட்சை. அதற்கடுத்த தேதிக்கு என்ன காரணம் என்று எனக்கு ஞாபகமில்லை, ஏதோ ஒரு காரணம். கடைசியாக நானே போன் பண்ணினேன். டாக்டரம்மா பொறுமையாகத்தான் பேசினார். இன்னொரு தடவை தள்ளினால் ஊசி போட்டும் பிரயோஜனம் இருக்காது, என்னைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

யோசித்து யோசித்து ஒரு நாளைப் பிடித்தேன். ஆயுத பூசை. அன்றைக்கு மட்டும்தான் இந்த மனிதர் தொழில் சாமானைத் தொடமாட்டார். லேப்டாப், டெஸ்டர், கனெக்டரை அழுத்திப் பிடிக்கிற இடுக்கி எல்லாம் வாழையிலையில் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கும். மறுநாள் விஜயதசமிக்கு மறுபூசை போட்டுத்தான் எடுப்பார். அந்தக் கண் ஆஸ்பத்திரிக்குப் பண்டிகை விடுமுறை கிடையாது. கூட்டம் குறைவாக இருக்கும், தாராளமாக வாருங்கள் என்றார்கள். விடியலில் பூசையை முடித்து, சுண்டலை டப்பாவில் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் அவரை உட்கார வைத்தேன். எத்தனையோ வருஷம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பயணம். தரங்கம்பாடி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

சிதம்பரம் பஸ் நிலையத்துக்குள் வண்டி நுழையும்போது போன் அடித்தது.

காரைக்காலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அதன் மேனேஜர் சாதிக் பாட்சா. நல்ல மனிதர், எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வருகிறவர். நெட் மொத்தமாகப் படுத்துவிட்டது என்றார். பில் வரவில்லை, லேப் ரிசல்ட் மாடிக்குப் போகவில்லை, மருந்துக் கடையில் ஸ்டாக் தெரியவில்லை. எல்லாவற்றையும் கையால் எழுதிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். சுவிட்சில் எல்லா விளக்கும் ஒன்றாகச் சேர்ந்து வெறி பிடித்த மாதிரி மின்னுகிறதாம்.

அதைக் கேட்டதுமே இவர் லூப் என்றார். லூப் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் அஞ்சலகத்துக்கு, எல்லாருக்கும் காட்டச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வருகிறது என்று வையுங்கள். நான் திருநள்ளாறு ஆபீஸுக்கு ஒரு நகல் அனுப்புகிறேன். அவர்கள் அதையும் புதுசு என்று நினைத்து நகல் எடுத்து இன்னொரு வழியாக எனக்கே அனுப்புகிறார்கள். நான் மறுபடி அவர்களுக்கு. இப்படியே போனால் சாயங்காலத்துக்குள் இரண்டு ஆபீஸும் காகிதத்தில் மூழ்கிவிடும், ஒரு உருப்படியான கடிதம் வெளியே போகாது. இரண்டு சுவிட்சுக்கு நடுவே இரண்டு ஒயரை ஒரே நேரத்தில் மாட்டிவிட்டால் இதுதான் நடக்கும். லூப்பைத் தானே கண்டுபிடித்து ஒரு வழியை அடைத்துக்கொள்கிற சுவிட்சைத்தான் இவர் அந்த ஆஸ்பத்திரிக்கு வரைந்து கொடுத்தார். இந்த டப்பாவே போதும் என்று சாதாரணமானதை வாங்கிப் போட்டது முதலாளி. அதனால் இவர் மாடி சுவிட்சிலிருந்து கீழ் சுவிட்சுக்கு இரண்டாவதாக ஒரு ஒயர் இழுத்து, மேல்முனையை மட்டும் மாட்டி, கீழ்முனையைச் சும்மா தொங்கவிட்டிருந்தார். முதல் ஒயர் செத்தால் அதை உருவிவிட்டு இதை மாட்டிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

எதையாவது மாற்றினீர்களா, எதையாவது சொருகினீர்களா என்று சாதிக் பாட்சாவிடம் கேட்டார். அவர் அங்கே இருந்தவர்களைக் கேட்டார். யாரும் தொடவே இல்லை என்றார்கள். என் வீட்டுக்காரர் தொட்டீர்களா என்று கேட்டால் தொட்டவனும் இல்லை என்றுதான் சொல்வான். அவர் கேட்கிற விதம் அப்படி. சுவிட்ச் இருக்கிற அந்த அலமாரியைக் கொஞ்சம் பாருங்கள் என்றார். பூசை போட்டு மாலையும் மஞ்சள் துணியுமாகச் சுற்றி வைத்திருக்கிறார்கள், விலக்கிப் பார்க்க ஆட்கள் தயங்குகிறார்கள், நான் போய் அதில் கை வைத்தால் நன்றாக இருக்காது என்று சாதிக் பாட்சா சங்கடப்பட்டார். சரி, நானே வந்து பார்க்கிறேன் என்று இவர் சொல்லிவிட்டார்.

நான் காதில் விழுந்ததை நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து பையைத் தேடினார். பை என் மடியில் இருந்தது. கண் ஆஸ்பத்திரி பைல் அதற்குள்தான் இருந்தது. நான் விடவில்லை.

“நான் எறங்கிக்கிறேன். எதிர்ல காரைக்கால் வண்டி நிக்கிது பாரு.”

“ஏங்க, இன்னைக்கி விட்டா அந்தக் கண்ணும் போயிடுங்க. ஊருக்கெல்லாம் ரெண்டாவது வழி வைக்கிறீங்களே, உங்களுக்கு எங்கங்க வச்சிருக்கீங்க?”

“எனக்கு யாரு இருக்கா?”

கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார். பக்கத்து சீட்டில் பொண்டாட்டி ஒருத்தி பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளைப் பார்த்துத்தான் சொன்னார். ஓங்கி ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குப் பதில் அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கினேன்.

சாதிக் பாட்சா இன்னும் லைனில்தான் இருந்தார். பாய், யார் தொட்டது என்று கேட்காதீர்கள், பூசைக்கு அந்த அலமாரியைத் துடைத்தது யார் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். எந்த ஆபீஸிலும் துடைப்பதைத் தொடுவது என்று யாரும் நினைப்பதில்லை. எங்கள் அஞ்சலகத்தில் எடை மெஷினைத் துடைக்கிறேன் என்று வருஷா வருஷம் அதன் முள்ளைத் திருகி வைக்கிறது யார் என்று நினைக்கிறீர்கள்? காசியம்மாதான் துடைத்தாள் என்றார் சாதிக் பாட்சா. ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறவள், போலகத்துப் பெண். போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். பயந்துபோய்த்தான் வாங்கினாள். வீட்டில் பூசை ஆகிவிட்டதா, என்ன சுண்டல் என்று முதலில் அதைக் கேட்டேன். கொண்டைக்கடலை என்றாள். அப்புறம் கேட்டேன், அங்கே ஒரு ஒயர் சும்மா தொங்கிக்கொண்டிருக்குமே, அது எங்கே என்று.

“ஆமாங்கம்மா, நீல ஒயரு. நல்ல நாளும் அதுவுமா அனாதை மாதிரி தொங்கிச்சு. பக்கத்துல ஓட்டை சும்மாதான இருந்துச்சு, அதுல சொருகி பொட்டு வச்சிட்டேன்.”

அந்த ஒயர் முனையில் சொருகாதீர்கள் என்று இவர் எழுதி ஒட்டியிருந்த சீட்டில் எழுத்து எப்போதோ அழிந்துபோய்விட்டதாம், அதையும் அவள்தான் சொன்னாள். மாதா மாதம் போய்ப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. இதை அவரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

அதை இப்போதே உருவிவிடு என்றேன். அங்கேதான் சிக்கல். பூசை போட்ட சாமானை மறுபூசைக்கு முன்னால் அசைக்கக் கூடாது, வருஷம் பூரா குத்தமாகிவிடும், என்னால் ஆகாதம்மா என்றாள் காசியம்மா. அவளைத் தப்பு சொல்ல முடியாது. என் வீட்டு லேப்டாப்பை நான் தொடுவேனா? பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். இவர் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தார், இறங்கவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை.

“காசியம்மா, மாடியில படுத்துக் கெடக்கிறவங்களுக்கு மருந்து போவ வேணாமா? ஒரு பூவை எடுத்து வச்சு, தண்ணி தெளிச்சு, தாயே பொறுத்துக்கன்னு சொல்லு. அதான் மறுபூசை. குத்தம் வந்தா எனக்கு வரட்டும். உருவு.”

பஸ் மெதுவாக நகர்ந்தது. நான் படிக்கட்டைப் பார்க்கவில்லை. பார்த்தால் தைரியம் போய்விடும். போனில் யாரோ என்னவோ பேசிக்கொண்டார்கள், அப்புறம் சாதிக் பாட்சா லைனுக்கு வந்தார். விளக்கெல்லாம் ஒழுங்காக மின்னுகிறது தங்கச்சி, பில் மெஷின் வந்துவிட்டது என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்றும் சொன்னார். நான் வைத்துவிடுகிறேன் பாய் என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் சீட் அமுங்கியது. அவர் வந்து உட்கார்ந்திருந்தார்.

நன்றி சொல்லுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடலூர் தாண்டிய பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, நான் போகாமலே சரியாகிவிட்டது என்றார். அதில் நிம்மதி பாதி, வேறு எதுவோ பாதி இருந்தது. இத்தனை வருஷமும் போயிருக்க வேண்டியதில்லையோ என்று கணக்குப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வலது கண்ணுக்கு ஊசி போட்டார்கள். பார்வை இப்போது இருக்கிற இடத்திலேயே நிற்கும், இனிமேல் ஒழுங்காக வரவேண்டும் என்றார் டாக்டரம்மா. இடது கண் போனது போனதுதான். முன்னாலேயே வந்திருக்கலாமே என்று கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. மறுபூசை போட்டேன். ஊசி போட்ட கண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தது, மங்கின கண் மட்டும்தான் திறந்திருந்தது. வீட்டில் சும்மா இருங்கள் என்றால் கேட்கிற ஆளா? நல்ல நாள், தொழில் சாமானைத் தொட்டு எடுக்க வேண்டும் என்று இடுக்கியையும் ஒரு துண்டு ஒயரையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தோலைச் சீவி இழைகளைப் பிரித்தார். அப்புறம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெள்ளை ஆரஞ்சு என்று சொல்லி, அந்த இழையை அவர் விரலுக்கு நடுவில் வைத்தேன். வாங்கிக்கொண்டார். வேறு ஒரு ஆள் எடுத்துக் கொடுத்த இழையை அவர் வாங்கி நான் பார்த்ததே இல்லை. ஆரஞ்சு என்றேன். வெள்ளை பச்சை என்றேன். நீலத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. வழக்கம்போல அவர் எழுந்துவிட்டார், சட்டைப் பையைத் தடவினார். அவர் போன் அடிக்கவில்லை. அடித்தது என்னுடையது, அலமாரியில்.

சாதிக் பாட்சா பெயர் தெரிந்தது. என் நம்பரை இவர்களுக்கு யார் கொடுத்தது என்று எரிச்சலாக வந்தது. கேட்டேன்.

“நான்தான் குடுத்தேன், நேத்து ஊசிக்கு உள்ள போறதுக்கு முன்னாடி. எடு, உனக்குத்தான்.”

சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். அலுத்த குரல்தான், நேற்று பஸ்ஸில் கேட்ட அதே குரல். நான் நீல இழையை எடுத்து அவர் விரலுக்குள் வைத்துவிட்டு, போனை எடுத்துச் சொல்லுங்க பாய் என்றேன். அடுப்பில் குழம்பு இருந்தது.